டம்ளரோடு எழுந்து வரும் கோஸ்டர்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்திருந்த எதிர் ஃபிளாட் மாமி மோர் கிளாஸைக் கையில் எடுத்தார். கிளாஸோடு, அதன் அடியில் வைத்திருந்த சிறு தட்டான கோஸ்டரும் எழுந்தது. வாயருகே வரைக்கும் கூடவே போய், அங்கே பிடி விட்டு, மடியிலிருந்த சுண்டல் கிண்ணத்தில் விழுந்தது. மாமி போகும்வரை வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருந்தார். தவறு என்னுடையது. வழவழவென்று அழகாக இருக்கிறதே என்று அந்தக் கண்ணாடிக் கோஸ்டரைத் தேடி வாங்கியவள் நான்தான்.

நவராத்திரி ஒன்பது நாளும் மாலையில் ஆட்கள் வரும் வீடு இது. காபி, மோர், பானகம், எலுமிச்சைச் சாறு என்று ஏதாவது ஒன்று ட்ரேயில் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பானத்தைவிடப் பானத்தைத் தாங்கும் பொருள்கள்தான் எனக்கு அதிகம் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. கோஸ்டர், டிஷ்யூ, துணி, ட்ரே, ஸ்ட்ரா, மூடி என்று எது மக்கர் செய்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வேன்: மேலே இருப்பது சூடா, குளிரா? சூடான டவராவின் அடியில் இருப்பது வெப்பத்தைத் தடுக்க வேண்டும். குளிர்ந்த கிளாஸின் அடியில் இருப்பது தண்ணீரைக் குடிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. ஆறு கோஸ்டரை ஒரு பெட்டியில் அடுக்கி எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று கடையில் தருகிறார்கள் பாருங்கள், தொல்லை பெரும்பாலும் அந்தப் பெட்டியிலிருந்துதான் கிளம்புகிறது.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாப்கின் என்று கேட்டால் மருந்துக் கடைச் சரக்கு இருக்கும் அலமாரிக்கு அனுப்பிவிடுவார்கள். டிஷ்யூ என்றே கேளுங்கள்; நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

கிளாஸைத் தூக்கினால் கோஸ்டரும் சேர்ந்து வருகிறது

கோஸ்டரை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி, பளபளப்புப் பூசிய பீங்கான், மெருகிட்ட கல், ரெசின், ஸ்டீல் இவற்றில் ஒன்றாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கிளாஸில் வியர்க்கும் நீர் வழிந்து கீழே இறங்குகிறது. உறிஞ்ச ஆள் இல்லாததால் இரண்டு வழவழப்பான பரப்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாகத் தங்குகிறது. கிளாஸின் அடிப்பக்கம் உட்குழிந்து இருந்தால் விளிம்பைச் சுற்றி நீர் அடைத்துக்கொண்டு காற்றை உள்ளே விடாது. அந்தப் பிடிதான் கோஸ்டரைத் தூக்கி வருகிறது. குடிக்கச் சாய்க்கும்போது ஒரு ஓரத்தில் காற்று புகுந்துவிடும், பிடி விட்டுப்போகும். வாயருகே போன பிறகு சரியாக விழுவதற்கு இதுவே காரணம். மாமியின் கைராசி அல்ல.

விருந்தினர் உட்கார்ந்திருக்கும்போதே சரிசெய்ய வேண்டுமானால் கோஸ்டரின் மேல் ஒரு சிட்டிகைத் தூள் உப்பைத் தூவுங்கள். உப்புத் துகள் இடையில் நின்று காற்றுக்கு வழிவிடும். கல் உப்பு வேண்டாம், கிளாஸ் ஆடும். ஸ்டீல், பித்தளை, பளிங்கு ஆகியவற்றின் மேல் உப்பைத் தூவினால் அன்றிரவே கழுவித் துடைத்துவிடுங்கள். ஈர உப்பு அங்கே தழும்பு வைத்துவிட்டுப் போகும்.

நிரந்தரமாகச் சரியாக வேண்டுமானால் அந்த வழவழப்பை மூட வேண்டும். பழைய பருத்தித் துண்டிலிருந்து கோஸ்டரின் அளவுக்கு வட்டம் வெட்டி ஓரம் தைத்து மேலே போடுங்கள். நூலில் பின்னிய கோஸ்டர் என்றால் பருத்தி நூலா என்று கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் நூல் பார்க்க அழகாக இருக்கும், ஒரு சொட்டு கூடக் குடிக்காது. எனக்குப் பிடித்தது மெருகேற்றாத சுடுமண் தட்டு. பாட்டரி டவுனில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் கேட்டால் சிறிய தட்டைத் தட்டுகள் கிடைக்கும். அடியில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி ஒட்டிக்கொண்டால் மேசையில் கீறல் விழாது. சில மாதங்களில் சுடுமண் குடிப்பதை நிறுத்திக்கொள்ளும். சர்க்கரையும் எண்ணெய்ப் பசையும் துளைகளை அடைத்திருக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடாக்கி, கொதி வந்ததும் பத்து நிமிடம் விட்டு, ஆறிய பின் எடுத்து ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் மறுபடியும் குடிக்கத் தொடங்கும். கொதிக்கிற நீரில் நேராகப் போட்டு இரண்டைப் பிளந்திருக்கிறேன்.

மேசை நனைகிறது, கிளாஸ் ஒழுகுகிறதோ என்று சந்தேகம்

நன்றாக இருக்கும் கிளாஸைக் குப்பையில் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கிளாஸைத் துடைத்து, குழாய்த் தண்ணீரை ஊற்றி, உலர்ந்த டிஷ்யூவின் மேல் அரை மணி நேரம் வையுங்கள். டிஷ்யூ உலர்ந்தே இருந்தால் கிளாஸில் ஓட்டை இல்லை. நீங்கள் பார்த்த நீர் காற்றிலிருந்து வந்தது. ஜூஸ் கிளாஸ் என்றால் இன்னும் எளிது: வெளியே வழியும் நீரை நாக்கில் தொட்டுப் பாருங்கள். இனித்தால் ஒழுக்கு அல்லது ததும்பல், இனிக்காவிட்டால் வியர்வை.

பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாத மதியங்களில் காற்று உலர்ந்திருக்கும், ஐஸ் போட்ட கிளாஸ்கூட அவ்வளவாக வியர்க்காது. ஜூனில் மழை பிடித்ததிலிருந்து புரட்டாசி வரை அதே கிளாஸ் குளித்துவிட்டு வந்ததுபோல் நிற்கும். கோடையில் வாங்கிய கோஸ்டர் நன்றாக உழைத்தது, கொலுவில் காலை வாரியது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இந்தப் பருவ மாற்றம்தான். மண்பானைத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். தொண்டைக்குப் போதுமான குளிர்ச்சி இருக்கும், கிளாஸில் வியர்வை வெகுவாகக் குறையும்.

மேசையில் வட்டம் விழுந்துவிட்டது

இதில் அவசரப்படாதீர்கள். என்ன நிற வட்டம், எந்தப் பரப்பு என்று பார்க்காமல் தேய்த்தவர்கள்தான் மேசையைக் கெடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் தேக்கு மேசைக்குப் பாலிஷ் போட வந்தவர் சொன்னதை இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: "வெள்ளை வட்டம் மேலே இருக்கிறது அக்கா, கறுப்பு வட்டம் உள்ளே இருக்கிறது."

வெள்ளை வட்டம் என்றால் பாலிஷ் படலத்துக்குள் ஈரம் சிக்கியிருக்கிறது, அல்லது சூடு பட்டுப் படலம் மங்கியிருக்கிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் ஒன்றும் செய்யாமல் இரண்டு நாள் காயவிடுங்கள். பாதி வட்டங்கள் தானாகவே போய்விடும். போகாவிட்டால் முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்து, வட்டத்தின் மேல் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஈரம் வெளியேற வெளியேற வெள்ளை தேயும். அதற்கும் அசையாவிட்டால் வாஸ்லின் தடவி இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடையுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேல் வைத்து எடுக்கும் வழியும் உண்டு, ஆனால் பழைய மேசைகளில் அதை முயலாதீர்கள். அவற்றில் பூசியிருப்பது அரக்குப் பாலிஷாக இருக்கலாம், அது சூட்டில் இளகிவிடும். கண்டுபிடிக்க, மேசையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு முறை ஒற்றுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அந்த மேசையில் சூடான பாத்திரமும் வேண்டாம், மதுவும் வேண்டாம். சூடு அரக்கை இளக்கும், மது கரைக்கும்.

கறுப்பு வட்டம் என்றால் நீர் படலத்தைத் தாண்டி மரத்துக்குள் போய்விட்டது. மரத்திலிருக்கும் துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து மைபோல் கறுத்திருக்கின்றன. இரும்பு வளையம் வைத்த பூத்தொட்டிக்கு அடியில் இதை அதிகம் பார்க்கலாம். எலுமிச்சையாலும் பற்பசையாலும் இது போகாது. படலத்தைச் சுரண்டி, ஆக்ஸாலிக் அமிலம் வைத்து வெளுக்க வேண்டும். அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் கையாளும் பொருளும் அல்ல. பாலிஷ்காரரைக் கூப்பிடுங்கள்.

சன்மைக்கா மேசையில் தெரிவது பெரும்பாலும் சர்க்கரையோ தண்ணீரின் உப்போதான். நீர் கலந்த வினிகரால் துடைத்தால் முடிந்தது. பளிங்கு மட்டும் தனிக்கதை. அங்கே எலுமிச்சைச் சாறு சொட்டினால் அமிலம் கல்லையே அரிக்கிறது. மங்கலாகத் தெரியும் அந்த வட்டம் அழுக்கு அல்ல, காயம். வினிகரை ஊற்றினால் காயம் இரட்டிப்பாகும். மெருகு போடுபவர் வரும்வரை அதன் மேல் குத்துவிளக்கை வைத்துச் சமாளியுங்கள். கிரானைட் இந்த விஷயத்தில் எவ்வளவோ கெட்டி.

வட்டமாக இல்லாமல் நான்கு புள்ளிகளாகக் கறை தெரிந்தால் கோஸ்டரைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் கால்கள் இருக்கும். சில ரப்பரிலிருந்து கசியும் மென்மையாக்கும் பொருள் பாலிஷை இளக்கிவிடுகிறது. மேசையைக் காப்பாற்ற வாங்கியதே மேசையைக் கெடுத்த கதை. கால்களைப் பிடுங்கிவிட்டு ஃபெல்ட் ஒட்டுங்கள்.

சென்னபட்டணா கோஸ்டர் பிசுபிசுக்கிறது, டவராவின் தடம் பதிந்துவிட்டது

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கிருந்து என்ன வாங்கிக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பெங்களூர்க்காரர்களின் பதில் சென்னபட்டணா மரச் சாமான். மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். பொம்மைகளோடு இப்போது வண்ண வண்ணமாகக் கோஸ்டரும் கடைகிறார்கள். என் தங்கைக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் கும்பகோணத்திலிருந்து ஃபோன் செய்தாள்: "அக்கா, நீ கொடுத்தது டவராவில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மஞ்சளும் சிவப்பும் டவரா அடியில் அப்பியிருக்கிறது."

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று சொல்லாமல் கொடுத்துவிட்டேன். நம் ஊரில் வெட்பாலை என்கிற மரத்தை அங்கே ஆலெ மரம் என்பார்கள். அந்த மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தின் மேல் படரும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சூட்டால் ஒட்டிய அரக்கைச் சூடே பிரித்தும் விடும். சுமார் 75 டிகிரியிலேயே அரக்கு இளகத் தொடங்கிவிடுகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி வாக்கில் கொதிக்கும்; கும்பகோணத்தில் கிட்டத்தட்ட 100. அங்கே பாலும் டிகாக்ஷனும் கலந்து ஆற்றாமல் வைத்தால் டவராவின் அடி அரக்கை இளக்கும் அளவுக்குச் சுடும். மேலே டம்ளரின் கனம் வேறு அழுத்துகிறது.

ஒட்டியிருப்பதை இழுத்துப் பிய்க்காதீர்கள், அரக்கு பெயர்ந்து வரும். டவராவை அப்படியே ஆறவிட்டு, பிறகு உள்ளே இரண்டு ஐஸ் கட்டி போடுங்கள். அரக்கு குளிர்ந்து இறுகியதும் மெல்லத் திருகினால் கழன்றுவிடும். டவராவில் ஒட்டிய வண்ணத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். கோஸ்டரில் பதிந்த தடம் லேசாக இருந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் ஒரே திசையில் விறுவிறுவென்று தேய்த்துப் பார்க்கலாம். தேய்க்கும் சூட்டில் அரக்கு ஓரளவு சமமாகும். ஆழமாகப் பதிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு அந்தக் கோஸ்டர்களுக்குக் குளிர்ந்த பானம் மட்டும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். அதிலும் வியர்வை தேங்க விடக்கூடாது, மரம் உப்பி அரக்கு வெடிக்கும். கழுவாதீர்கள், துடையுங்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அவை சுவரில் மாட்டி வைக்கத்தான் பிடிக்கும். தங்கை இப்போது அவற்றைக் கொலுப்படியில் பொம்மைகளுக்குப் பீடமாக வைக்கிறாள். அதுவும் நல்ல முடிவு.

சூடான டவராவுக்குக் கார்க் கோஸ்டர் வாங்குங்கள். கார்க்குக்குள் காற்றறைகள் நிறைய இருப்பதால் வெப்பம் கீழே இறங்காது. மழைக்காலத்தில் அதில் பூஞ்சை படியும், அதுதான் அதன் ஒரே குறை. துடைத்ததும் அடுக்கி வைக்காமல், தோசைத் திருப்பிகள் இருக்கும் தாங்கியில் செங்குத்தாக நிறுத்துங்கள்.

டிஷ்யூ கிளாஸில் ஒட்டிக் கிழிகிறது, அல்லது சாயம் விடுகிறது

கிழிவது ஒற்றை அடுக்குத் தாள். சிற்றுண்டிக் கடைகளில் டப்பாவிலிருந்து உருவுகிறோமே, அந்த வகை. அது வாயைத் துடைக்கக்கூடத் தகுதியில்லாதது, கிளாஸுக்கு அடியில் வைத்தால் கூழாகிவிடும். இரட்டை அடுக்குத் தாள் கேளுங்கள். 33 செ.மீ. சதுரம் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது சாப்பாட்டுக்கு. பானத்துக்கு அதில் ஏறக்குறைய முக்கால் அகலத்தில் சிறியது கிடைக்கும். நாலாக மடித்து, மடிப்பு உள்ள பக்கம் விருந்தினரை நோக்கி இருக்கும்படி வையுங்கள். எடுக்கும்போது விரியாது.

சாயம் விடுவது அடர் சிவப்பும் கருநீலமும். என் நாத்தனார் மகன் நிச்சயதார்த்தத்தில் சிவப்பு டிஷ்யூவை நான்தான் அடுக்கினேன். பன்னீர் சோடா கிளாஸ் வியர்த்து, சம்பந்தி வீட்டுப் பெரியவரின் பட்டு வேட்டியில் பூ வரைந்தது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட சோதனை இது: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து டிஷ்யூவின் மேல் வைத்து, பத்து எண்ணும்வரை உள்ளங்கையால் அழுத்துங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தப் பாக்கெட்டைக் கொலுப்படி அலங்காரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். வண்ண டிஷ்யூ, தோரணம், காகிதத் தட்டு எல்லாம் மாமூல்பேட்டையில் மலிவாக அள்ளலாம். சோதனையை மட்டும் கடையிலேயே செய்ய விடமாட்டார்கள்.

துணி ஈரத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது

ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியில் விடுங்கள். உடனே பரவி மறைந்தால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால் மூன்றில் ஒன்று: புதுத் துணியின் கஞ்சி போகவில்லை, அல்லது துணியை மென்மையாக்கும் திரவம் படலம் கட்டியிருக்கிறது, அல்லது அது பாலியஸ்டர். முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வெந்நீரில் ஒரு கரண்டி சலவைச் சோடா போட்டு இரவு ஊறவைத்து, காலையில் அலசுங்கள். இரண்டு முறை செய்தால் போதும். மூன்றாவதற்கு மருந்து கிடையாது.

புதிதாக வாங்குவதற்கு ஈரிழைத் துண்டைப் போல வேறொன்று இல்லை. ஊருக்குப் போய்வருபவர்களிடம் நாலு துண்டு வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொன்றையும் துண்டு போட்டு ஓரம் தைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சி போடாதீர்கள். அழகாக நிற்கும், துடைக்காது. காபிக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் பட்டால் பாலின் பிசுக்கு நூலில் இறுகிவிடும். பஜ்ஜி தின்ற கையின் மஞ்சள் சோப்புப் பட்டதும் சிவந்தால் பயப்படாதீர்கள். துவைத்து வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது.

கழுவிய கிளாஸில் வெள்ளைப் புள்ளிகள்

பெங்களூரில் புதிதாகக் குடியேறிய உறவினர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. சோப்பு மேல் பழி போட்டு நாலு சோப்பு மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். உங்கள் அடுக்ககத்தில் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு நகரத்துக்கு வருகிறது. அது வராத இடங்களில் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான் கதி. பாறைக்குள் ஆழத்திலிருந்து வரும் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். நீர் காய்ந்து போகும், அவை கிளாஸிலேயே தங்கிவிடும்.

முதல் சோதனை: புள்ளியின் மேல் வினிகர் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் வையுங்கள். புள்ளி மறைந்தால் வெறும் உப்புப் படிவு. எல்லாக் கிளாஸையும் வினிகர் ஒரு பங்கு, வெந்நீர் மூன்று பங்கு கலந்த தொட்டியில் கால் மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். வினிகர் வாடை பிடிக்காதவர்கள் பிழிந்த எலுமிச்சை மூடிகளைப் பயன்படுத்தலாம். மறையாமல் பால் படர்ந்ததுபோலவே நின்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அதிகச் சூடும் அதிகத் தூளுமாகப் பலமுறை போனால் இப்படி ஆகும். அதற்குத் தீர்வு இல்லை. அந்தக் கிளாஸில் பால்கோவா வைத்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது.

புள்ளி மறுபடி வராதிருக்க, கடைசி அலசலை மட்டும் குடிநீர் வடிகட்டியின் நீரில் செய்து, காயும்வரை காத்திராமல் உடனே துடைத்துவிடுங்கள். எதனால் துடைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. புதுத் தேங்காய்ப்பூத் துண்டு கிளாஸெங்கும் பிசிறு விடும். சோடா ஊற்றினால் அந்தப் பிசிறுகளில் குமிழி திரண்டு, குடிப்பதற்குள் வாயு போய்விடும். பத்து வருடம் துவைத்துத் துவைத்து நைந்த எட்டு முழ வேட்டியைக் கிழித்து வையுங்கள். அதற்கு இணையான கிளாஸ் துணியை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுக் கிழிப்பது நல்லது.

இரண்டு ஸ்டீல் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டது

தரையில் தட்டாதீர்கள், விளிம்பு நெளிந்தால் ஜென்மத்துக்கும் வராது. உள் டம்ளரில் ஐஸ் தண்ணீரை நிரப்பி, வெளி டம்ளரைக் கொதிக்கவிட்டு இறக்கிய நீரில் முக்கால் பாகம் நிறுத்துங்கள். வெளியே இருப்பது விரியும், உள்ளே இருப்பது சுருங்கும். 7 செ.மீ. வாயகலமுள்ள ஸ்டீல் டம்ளருக்கு 60 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் சுமார் 0.07 மி.மீ. இடைவெளி உண்டாகும். கேட்கக் கொஞ்சம்தான், ஆனால் சிக்கியிருப்பதும் அவ்வளவில்தான். அரை நிமிடத்தில் துணியால் பிடித்துத் திருகி இழுங்கள். நேரம் கடத்தினால் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். கண்ணாடி கிளாஸ் சிக்கினால் ஐஸும் கொதிநீரும் கூடாது, வெடித்துவிடும். உள்ளே குழாய்த் தண்ணீர், வெளியே கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இடுக்கில் இரண்டு சொட்டு எண்ணெய்.

இரட்டைச் சுவர் டம்ளரைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம்

பற்றவைத்த இடத்தில் விரிசல் கண்டிருக்கிறது, கழுவும் நீர் இரண்டு சுவர்களுக்கும் நடுவே போய்விட்டது. வெளிப்பக்கமும் சுடத் தொடங்கியிருக்கும். உள்ளே போன நீர் அழுகி நாறும். காயவைக்கிறேன் என்று அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், அடைபட்ட நீர் ஆவியாகி உலோகத்தையே பிளக்கலாம். பேனா நிறுத்தி வையுங்கள்.

ட்ரேயில் கிளாஸ்கள் வழுக்குகின்றன

ஈரத் துணி. ஒரு பருத்தித் துண்டை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ட்ரேயின் அளவுக்கு மடித்து விரியுங்கள். வழுக்கல் அங்கேயே நின்றுவிடும், சிந்தியதையும் அதுவே குடித்துக்கொள்ளும். உலர்ந்த துணி போட்டால் கிளாஸோடு துணியும் சேர்ந்து வழுக்கும். உயரமானவை நடுவில், குட்டையானவை ஓரத்தில். இறக்கும்போது வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று எடுங்கள். ஒரே பக்கமாக எடுத்துக் கொடுத்து, எதிர்ப்பக்கம் கனத்து, ஆறு பானகத்தைப் பட்டுப்புடவையின் மேல் கவிழ்த்த பெண் ஒருத்தியை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

காபியை டவராவோடு ட்ரேயில் வைத்தால் நாலு பேருக்கு மேல் ஒரே நடையில் கொண்டுபோகாதீர்கள். எண்ணிக்கை அதிகமானால் பெங்களூர் வழக்கப்படி பை-டூ ஆக்கிவிடலாம். ஒரு காபியை இரண்டாகப் பகிர்ந்து தருவதை இந்த ஊரில் யாரும் கஞ்சத்தனம் என்று நினைப்பதில்லை. அரை டம்ளர் ததும்பாது, விளிம்பில் சூடும் ஏறாது.

காகித ஸ்ட்ரா கூழாகிவிடுகிறது

பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுவிட்டது. கலக்கும் குச்சியும் பிளாஸ்டிக் கிளாஸும் அந்தப் பட்டியலில் உண்டு. எங்காவது மறைவாக விற்றாலும் வாங்க வேண்டாம். காகித ஸ்ட்ரா நீரில் நின்றால் இளகத்தான் செய்யும், அதன் பிறப்பு அப்படி. முன்கூட்டியே கிளாஸில் குத்தி வைக்காமல் ட்ரேயில் தனியாக வைத்துக் கையில் கொடுங்கள். குடிக்கும் நேரத்துக்குத் தாங்கும். கூழ்ப் பழச்சாறுக்கு ஸ்டீல் ஸ்ட்ரா நன்றாக இருக்கும், ஆனால் உட்புறம் தேய்க்க நீளத் தூரிகை இல்லாமல் வாங்காதீர்கள். ஓடி விளையாடும் குழந்தைகளின் கையில் அதைக் கொடுக்கவும் கூடாது. இளநீரை நான் சொம்பில் இறக்கி டம்ளரில் ஊற்றிவிடுகிறேன். இளநீருக்குப் பேர்போன மத்தூர்ச் சந்தையிலிருந்து வந்த காய்க்கு ஸ்ட்ரா எதற்கு?

ஜூஸில் ஈசல் விழுகிறது

ஏப்ரல், மே மாதங்களில் முதல் மழை பெய்த மாலை நேரங்களில் மட்டும் வரும் கோளாறு. பால்கனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு விருந்தினரை உட்காரவைத்தால் கட்டாயம் வரும். ஓரத்தில் மணி கோத்துப் பின்னிய வலைமூடி பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். மணியின் கனம் வலையை இழுத்துப் பிடிக்கும், காற்றில் பறக்காது. கிடைக்காதவர்கள் டவராவைக் கவிழ்த்து மூடலாம், அளவு சரியாகவே இருக்கும். பால்கனி விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்து விளக்கைப் போட்டால் ஈசல் அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் கொசுவலைக் கதவைச் சாத்தினீர்களா என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.